பார்டர் சுகர், அறுபது வயது: நடையா, தட்டா, தசையா, மாத்திரையா?

வெறும் வயிற்றில் 108. குளுக்கோஸ் 75 கிராம் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 172. மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 6.2. ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 190, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 37. அறுபதைத் தொட்டவர் கையில் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் டாக்டர் சொல்லும் பெயர் ‘பிரீ டயாபடீஸ்’, வீட்டில் சொல்லும் பெயர் ‘பார்டர் சுகர்’. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை, வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் குடித்த பின் 140 முதல் 199 வரை எல்லாம் இந்தப் பார்டருக்குள் அடங்கும். ரிப்போர்ட் வந்த அன்றே யோசனைகளும் வந்துவிடும்: காலையில் ஒரு மணி நேரம் நடங்கள், சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறுங்கள், எதற்கு வம்பு, இப்போதே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். எடை தூக்குங்கள் என்று மட்டும் அறுபது வயதுக்காரரிடம் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

நாற்பத்தைந்து வயதில் இவற்றில் எதைப் பிடித்துக்கொண்டாலும் ஓரளவு பலன் உண்டு. அறுபதில் தேர்வு தவறினால் சர்க்கரை இறங்கும். ஆளும் சேர்ந்து இறங்கிவிடுவார்.

உள்ளே என்ன மாறுகிறது

‘நாற்பதைத் தாண்டினாலே உடம்பு எரிக்கிற வேகம் குறைந்துவிடும்’ என்பது பரவலான நம்பிக்கை. 2021இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, பிறந்து 8 நாளான குழந்தை முதல் 95 வயதுவரை 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் அன்றாட எரிசக்திச் செலவை எடுத்துப் பார்த்தது. உடலின் அளவையும் தசையையும் கழித்துக் கணக்கிட்டால், 20 வயதிலிருந்து 60 வரை அந்தச் செலவு கிட்டத்தட்ட மாறவே இல்லை. 60க்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் குறைகிறது. ஆக நாற்பதில் விழும் தொந்திக்கு அடுப்பைக் குறை சொல்ல முடியாது.

உண்மையில் சுருங்குவது கிடங்கு. சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் மிகப் பெரிய இடம் தசை. இன்சுலினைத் தொடர்ந்து செலுத்திச் செய்யும் சோதனைகளில், ரத்தத்திலிருந்து வெளியேறும் குளுக்கோஸில் ஏறக்குறைய 80 சதவீதம் தசைக்குத்தான் போகிறது. அந்தத் தசை முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை குறைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. குதிர் சிறுத்துவிட்டது, வயலிலிருந்து வரும் நெல் மட்டும் அதே அளவு என்றால் மிச்சம் முற்றத்தில்தானே கிடக்கும்? ரத்தத்தில் கிடக்கும் சர்க்கரையும் அதுதான்.

கொழுப்பின் கதை வேறு. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புச் செல்கள் உண்மையில் நல்ல பாதுகாப்புப் பெட்டகங்கள். வயதாக ஆக அவற்றின் கொள்திறன் குறைய, அங்கே தங்க வேண்டிய கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் தசை இழைகளுக்கு நடுவிலும் ஒதுங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இடுப்பு, தொடையிலிருந்து வயிற்றுக்கு இந்த இடமாற்றம் சட்டென்று நடக்கும், கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லும் கூடவே ஏறும். சேர்ந்த கொழுப்பை வெளியேற்றும் வேகமும் வயதோடு தளர்கிறது. 54 பேரைச் சுமார் 13 ஆண்டு பின்தொடர்ந்த சுவீடன் ஆய்வு 2019இல் சொன்னது இதைத்தான்: எடை ஏறியவர், இறங்கியவர் எல்லோருக்குமே இந்த வேகம் குறைந்திருந்தது, அதற்கேற்ப உணவைக் குறைக்காதவர்களுக்குச் சராசரியாக 20 சதவீதம் எடை கூடியது.

ஈரலில் கொழுப்பு ஏறினால் அது இன்சுலின் சொல்வதைக் கேட்காது. ராத்திரி முழுக்கத் தேவைக்கு மேல் சர்க்கரை தயாரித்து ரத்தத்தில் விடும். காலையில் 108 வருவது இப்படித்தான். அதே ஈரல் மிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக்கி அனுப்புவதால் டிரைகிளிசரைடு ஏறுகிறது, எச்.டி.எல். இறங்குகிறது. எண்ணெயைப் பாதியாகக் குறைத்தும் டிரைகிளிசரைடு அசையவில்லை என்று வருத்தப்படுபவர்கள் சோற்றின் அளவையும் சர்க்கரை போட்ட காபியையும், பழக்கமிருந்தால் மதுவையும் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கணையம். சாப்பிட்ட உடனே குபுக்கென்று வர வேண்டிய முதல் இன்சுலின் அலை வயதோடு பலவீனமாகிறது. அதனால் முதலில் ஏறுவது சாப்பிட்ட பிந்தைய சர்க்கரை. வெறும் வயிற்று எண் பல ஆண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். அதை மட்டும் பார்த்து ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்பவர் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறார்.

தேர்வுக்கு முன் மூன்று அளவு

எடை மெஷினை நம்பி இறங்காதீர்கள். இந்திய உடம்பு அந்த மெஷினை ஏமாற்றும். புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3, உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

முதலில் இடுப்புச் சுற்றளவு. நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் உள்கொழுப்பு இருக்கிறது என்று பொருள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல், விலா எலும்பின் கடைசிக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து அளக்க வேண்டும். பேன்ட் அளவு கணக்கில்லை, அது தொந்திக்குக் கீழே போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும்.

இரண்டாவது நாற்காலி. கையை மார்பில் கட்டிக்கொண்டு, சாதாரண உயர நாற்காலியிலிருந்து ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் ஆசிய வல்லுநர் குழுவின் 2019 அளவுகோல்படி தசையின் திறன் குறைந்திருக்கிறது. மூன்றாவது கெண்டைக்கால் சுற்றளவு: ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தசை இழப்பைச் சந்தேகிக்கலாம்.

எச்பிஏ1சியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் அது பொய்யாக ஏறும். ரத்தம் ஏற்றியிருந்தாலோ, அண்மையில் நிறைய ரத்தம் போயிருந்தாலோ பொய்யாக இறங்கும். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையே மேல்.

நடை

செலவில்லை, ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் நல்லது, பழகியது. நடக்கும்போது தசை இன்சுலினுக்காகக் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். குதிரில் இருக்கும் பழைய நெல்லைக் காலி செய்வதுபோல. ஆனால் அதனால் குதிர் பெரிதாகாது; வேண்டிய அளவு நடக்கும் பலர் எழுபதில் தொடை சூம்பி நிற்பது இதனால்தான்.

நேரத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். காலை ஐந்தரை மணிக்கு ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, மதியம் முழுச் சாப்பாட்டுக்குப் பின் படுத்து, ராத்திரி ஒன்பதரைக்கு தோசை சாப்பிட்டுப் படுக்கைக்குப் போனால், சர்க்கரை ஏறும் மூன்று வேளையில் இரண்டு சும்மா போகிறது. 60 வயதைத் தாண்டிய பத்துப் பேரை வைத்து 2013இல் அமெரிக்காவில் ஒரு சிறிய சோதனை நடந்தது. மூன்று வேளையும் சாப்பிட்ட பின் 15 நிமிடம் நடப்பதும், காலையில் ஒரேயடியாக 45 நிமிடம் நடப்பதும் நாள் முழுவதற்கான சர்க்கரையை ஒரே அளவு குறைத்தன. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைத்ததில் மட்டும் சாப்பிட்ட பின் நடந்த நடையே தனித்து நின்றது. பத்துப் பேர் சோதனைதான், ஆனால் காரணம் புரிகிறது: வண்டி வந்து நிற்கும் நேரத்தில் மூட்டை தூக்க ஆள் இருக்க வேண்டும். ராத்திரியில் இன்சுலின் வேலை செய்வது இன்னும் மந்தம், அதனால் ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்வதே லாபம். சாப்பிட்டு முடித்து அரை மணிக்குள் தொடங்குங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியாத வேகம். நெஞ்சுவலி வரலாறு இருப்பவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு நடப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தட்டு

சோற்றிலிருந்து சப்பாத்திக்கு மாறுவது பெரும்பாலும் கண்துடைப்பு. வெந்த சோறு 300 கிராமில் மாவுச்சத்து சுமார் 84 கிராம். முப்பது கிராம் மாவில் போட்ட சப்பாத்தி நாலு சாப்பிட்டால் ஏறக்குறைய 80. வித்தியாசம் ஒரு ஸ்பூன் சர்க்கரை அளவு. கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் நல்லவைதான். ஆனால் நைசாக அரைத்து, கரைத்துக் குடிக்கும்போது வயிற்றில் தங்காமல் விரைவாக இறங்கிவிடும். குறைக்க வேண்டியது அளவு, தானியத்தின் பெயர் அல்ல.

அறுபதில் இதைவிடப் பெரிய ஓட்டை புரதம். காலையில் மூன்று இட்லி சாம்பார் சட்னியோடு, மதியம் சோறு சாம்பார் ரசம் பொரியல் மோர், இரண்டு வேளை காபி, ராத்திரி இரண்டு தோசை. வயிறு நிறைந்த இந்த நாளைக் கூட்டிப் பார்த்தால் புரதம் 40 கிராமைச் சுற்றித்தான் நிற்கும். வயதான தசை புரதத்துக்கு மந்தமாகத்தான் பதில் சொல்லும். அதனால் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்பது முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்களின் பரிந்துரை. 62 கிலோ எடையுள்ளவருக்கு 62 முதல் 74 கிராம். அதுவும் ராத்திரி ஒரே வேளையில் கொட்டாமல் வேளைக்கு 20 முதல் 25 கிராம் என்று பிரிய வேண்டும். காலையில் முட்டை இரண்டு என்றால் 12 கிராம் சேரும். மாலையில் பஜ்ஜிக்குப் பதில் 50 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல் என்றால் சுமார் 9 கிராம். மீன் 80 கிராம் ஏறக்குறைய 15. சைவர்களுக்குப் பன்னீர் 50 கிராம் சுமார் 9, கூடவே கெட்டிப் பருப்பு. சாம்பாரில் தண்ணீர் மேலே, பருப்பு அடியில். கரண்டி அடிவரை போகட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் அளவை நெப்ராலஜிஸ்ட் சொல்ல வேண்டும்.

மதிய இலையில் இதைச் செய்வது எப்படி? சோறு 300 கிராமை 150 ஆக்குங்கள். குழிக்கரண்டிக் கணக்கு வேண்டாம், ஒருமுறை சமையல் தராசில் நிறுத்துப் பார்த்து எந்தக் கிண்ணம் என்று முடிவுசெய்துவிடுங்கள். பொரியல், கூட்டு இரண்டு கிண்ணமாகட்டும். உட்கார்ந்ததும் முதலில் பொரியலும் முட்டையோ மீனோ பருப்போ போகட்டும், பத்து நிமிடம் கழித்துச் சோறு. அதே உணவுதான், வரிசை மட்டும் மாறினால்கூடச் சாப்பிட்ட பிந்தைய ஏற்றம் தணிகிறது. நம் ஊரில் சோற்றைப் பிசைந்து சாப்பிடும் வழக்கத்துக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான், ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் பழகிக்கொண்டு பந்தியில் விட்டுவிடலாம்.

இந்த வழி கெடுவது ஒரே இடத்தில்: சோற்றைப் பாதியாக்கிவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காதபோது. ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிடுபவர்களும் இதில் சேர்த்தி. மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்கும், எச்பிஏ1சியும் இறங்கும், கன்னம் ஒட்டிப்போகும், மாடிப்படியில் கைப்பிடி தேவைப்படும். இறங்கிய எடையில் கணிசமான பங்கு தசை. கொஞ்ச நாளில் பசி தாளாமல் எடை திரும்பும்போது வருவது பெரும்பாலும் கொழுப்பாகவே இருக்கும். முடிவில் குதிர் முன்பைவிடச் சிறியது.

தசைப் பயிற்சி

65 வயதைத் தாண்டிய, பருமனான 160 பேரை வைத்து 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு இந்த இடத்தில் பேச வேண்டியது. உணவைக் குறைத்ததோடு ஒரு குழு நடை போன்ற பயிற்சி மட்டும், ஒரு குழு எடைப் பயிற்சி மட்டும், ஒரு குழு இரண்டும் செய்தது. பயிற்சிக் குழுக்கள் மூன்றுமே ஏறக்குறைய ஒரே அளவு எடையைக் குறைத்தன. கொழுப்பல்லாத உடல் எடையில் இழந்ததோ நடைக் குழு 5 சதவீதம், எடைக் குழு 2, இரண்டும் செய்தவர்கள் 3. உடல் இயக்கத் திறன் நடை மட்டும், எடை மட்டும் செய்தவர்களுக்கு 14 சதவீதமும் இரண்டும் செய்தவர்களுக்கு 21 சதவீதமும் கூடியது.

ஜிம் அவசியமில்லை. சுவரோடு ஒட்டிப் போட்ட மர நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழவழ டைல்ஸ் தரையில் அதன் கால் விரிந்துகொள்ளும். பாதத்தை இடுப்பு அகலத்துக்கு வைத்து, கையை மார்பில் கட்டி, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்திருங்கள். உட்காரும்போதுதான் வேலை: மனசுக்குள் நாலு எண்ணும் நேரத்தில் மெல்ல இறங்குங்கள், தொப்பென்று விழாதீர்கள். எட்டு முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. முட்டி வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். வாரங்கள் போக அதை எடுத்துவிடலாம். இதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையை மாட்டிப் பின்னால் இழுப்பது, அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி.

பன்னிரண்டு முறை சுலபமாக வந்துவிட்டதா? முதுகுப் பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள், இரண்டு கிலோ ஆயிற்று. பிறகு மூன்று, நாலு. பெரும்பாலோர் தோற்பது இங்கேதான்: முதல் மாதம் செய்ததையே ஆறாவது மாதமும் செய்வார்கள். கடைசி இரண்டு முறை சிரமமாக இல்லையென்றால் தசைக்கு வளரக் காரணமே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். அழுத்தம் 180/110ஐத் தொட்டிருக்கும் நாளில் தொடவே கூடாது. குடலிறக்கம், கண் விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் காட்டாமல் ஆரம்பிக்க வேண்டாம். மறுநாள் தொடை வலி சகஜம். மூட்டு வலி, வீக்கம் வந்தால் முறை தவறு.

குறை என்னவென்றால் இது மெதுவான வழி. எட்டு, பத்து வாரத்துக்கு முன் லேபில் எதுவும் தெரியாது.

மாத்திரை

சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின், ஈரல் அள்ளி விடும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது. விலை மலிவு, தனியாகச் சாப்பிட்டால் தாழ்சர்க்கரை வருவது அபூர்வம். கேள்வி, அறுபதில் அது எவ்வளவு தடுக்கும் என்பதுதான். அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்து 2002இல் முடிவு வெளியான பெரிய தடுப்பு ஆய்வில், மொத்தத்தில் வாழ்க்கைமுறை மாற்றம் சர்க்கரை நோய் வருவதை 58 சதவீதமும் மெட்ஃபார்மின் 31 சதவீதமும் குறைத்தன. 60 வயதைத் தாண்டியவர்களை மட்டும் பிரித்தால் வாழ்க்கைமுறை 71, மெட்ஃபார்மின் 11. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் கதை மாறுகிறது: எதுவும் செய்யாதவர்களில் 55 சதவீதத்தினருக்கு மூன்றாண்டில் சர்க்கரை நோய் வந்தது, உணவு, உடற்பயிற்சிக் குழுவில் 39.3, குறைந்த அளவு மெட்ஃபார்மின் குழுவில் 40.5, இரண்டும் சேர்த்த குழுவில் 39.5. நம் ஊரில் மாத்திரையும் சமம்தானே என்று இதைக் காட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். சென்னை ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 46. அறுபதுக்காரர் அதை அப்படியே தனக்குப் போட்டுக்கொள்ள முடியாது.

இன்னொரு சிக்கல். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 14 வாரம் எடைப் பயிற்சி செய்த ஓர் ஆய்வில் (2019) மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்குத் தசை வளர்ச்சி, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. தசைக் குதிர் பெரிதாவதற்கு இது கொஞ்சம் முட்டுக்கட்டை. நீண்டநாள் எடுத்தால் பி12 குறையும்; காலில் எரிச்சலும் மரத்துப்போவதும் வந்தால் சர்க்கரைதான் காரணம் என்று முடிவுகட்டிவிடுவார்கள், பி12 சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரக வடிகட்டும் திறனான இ.ஜி.எஃப்.ஆர். 45க்குக் கீழே இருந்தால் புதிதாகத் தொடங்குவதில்லை, 30க்குக் கீழே கூடவே கூடாது.

எடை குறைக்கும் ஊசிகள் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். இறங்கும் எடையில் கணிசமான பகுதி தசையாக இருப்பதால், ஒல்லியான பார்டர் சுகர்காரருக்கு அது தேவையற்ற வம்பு. கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டின் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும் என்பது உண்மை. ஆனால் 255 பேர் நாலு ஆண்டு எடுத்தால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்ற அளவில்தான். மாரடைப்பு அபாயத்துக்காக எழுதித் தந்ததை இதற்குப் பயந்து நிறுத்தாதீர்கள்.

எங்கள் கணக்கு

இடுப்பு 90க்குள், நாற்காலிச் சோதனை 14 விநாடி, கெண்டைக்கால் 32 என்றிருக்கும் ஒல்லி ஆணுக்கு எடை குறைப்பே வேண்டாம். முதல் நாளே தசைப் பயிற்சி, புரதம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நடை. சோற்றைக் குறைத்த அளவுக்கு வேறு உணவு தட்டில் வந்தாக வேண்டும். இடுப்பு 102, நாற்காலி 10 விநாடி என்றால் தட்டுதான் முன்னால்: ஆறு மாதத்தில் எடையில் 5 முதல் 7 சதவீதம், மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், தசைப் பயிற்சி துணைக்கு. பருமன் அதிகம், வெறும் வயிற்றில் 110க்கு மேல், எச்பிஏ1சி 6க்கு மேல், இன்னும் அறுபது ஆகவில்லை, அல்லது கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண் என்றால் மெட்ஃபார்மின் பேச்சை மருத்துவரிடம் தயங்காமல் எடுக்கலாம்.

எழுபத்தைந்தைத் தாண்டித் தளர்ந்திருப்பவருக்கு 6.1 என்ற எண்ணுக்காகச் சோற்றைப் பிடுங்குவது அநியாயம். சராசரி வயது 75ஐத் தாண்டிய அமெரிக்க முதியோரை ஆறரை ஆண்டு பார்த்த ஆய்வில், எச்பிஏ1சி பார்டரில் இருந்தவர்களில் 9 சதவீதத்தினருக்குத்தான் சர்க்கரை நோய் வந்தது. 13 சதவீதத்தினருக்கு எண் தானாகவே சாதாரண நிலைக்குத் திரும்பியது. நம்மவர்களுக்கு வேகம் கூடுதலாக இருக்கலாம் என்பதால் ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி, டிரைகிளிசரைடு, இடுப்பு, நாற்காலி நாலையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் அசைவது பெரும்பாலும் டிரைகிளிசரைடு. நாற்காலி 14இலிருந்து 11 விநாடிக்கு வந்து, எச்பிஏ1சி 6.2இலேயே நின்றால் வழியை மாற்ற வேண்டாம், இன்னொரு மூன்று மாதம் கொடுங்கள். எச்பிஏ1சி 5.9 ஆகி நாற்காலி 16 விநாடிக்குப் போயிருந்தால் அன்றைக்கே தட்டில் புரதத்தை எண்ணுங்கள். 6.5ஐத் தொட்டால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள், அப்போது மாத்திரையின் கணக்கு வேறு.